எல்லாருக்கும் ஒரே இரத்தம்

திரையின் நடுவில் சிவப்புக் கரை போட்ட ஒரு சிறிய பெட்டி. அதற்குள் ஒரேயொரு வரி: "தெரியாத வேலையில கை வைக்காதே, பிள்ளை." மன்னார்ப் பட்டினத்தில் உள்ள ஒரு தனியார் ஆய்வுகூடத்தின் கணினியில், ஒரேயொரு மனிதர் எதையாவது திருத்தப் போகும்போது மட்டும் அந்தப் பெட்டி தோன்ற வேண்டும் என்று எழுதி வைத்தவள் நான். தரவுத்தளங்களோடு மாரடிப்பதுதான் என் பிழைப்பு. எத்தனையோ நிறுவனங்களுக்கு எத்தனையோ பிழைச் செய்திகள் எழுதியிருக்கிறேன். எல்லாம் 'அனுமதி இல்லை', 'மீண்டும் முயலவும்' என்று உப்புச் சப்பில்லாமல் பேசுபவை. இந்த ஒன்றை எழுதிய அன்று மட்டும் பெருநாளைக்குப் புதுச் சட்டை போட்ட சிறுமியைப் போல இருந்தேன். அது பழிவாங்கல்தான். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அந்த ஒரேயொரு மனிதர் ஆய்வுகூடத்தின் சொந்தக்காரர். நாங்கள் எல்லாரும் 'சேர்' என்போம். வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசமுமாகக் காலையில் படியேறி வருவார். கூடத்தில் காத்திருக்கும் வயதானவர்களிடம் சுகம் விசாரிப்பார், பசியோடு இரத்தம் கொடுக்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி எடுத்துக் கொடுக்கச் சொல்வார். ஊரில் அவருக்கு நல்ல பெயர். அந்த நல்ல பெயரில் ஒரு கறை படாமல் இருக்க என்ன வேண்டுமானாலும் செய்வார் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரத்தப் பரிசோதனைகளோடு, இரத்தம் கொடுக்க விரும்புகிறவர்களின் விபரங்களையும் அங்கே பதிந்து வைத்திருந்தோம். தெற்கே மறிச்சுக்கட்டி தொடங்கி மன்னார்த் தீவின் மறுமுனை வரை ஆட்கள் இருந்தார்கள். ஒருவருடைய பெயரைத் தட்டினால் இரத்த வகை வரும், அட்டை அச்சாகும். அவசரமென்றால் அந்த அட்டையைப் பார்த்துத்தான் ஆளை அழைப்பார்கள்.

தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது ஊரைவிட்டுப் போன எருக்கலம்பிட்டிக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் பிறந்ததும் படித்ததும் புத்தளத்தில். திரும்பி வந்து வாப்பா கூரை போட்டு முடித்த காலத்தில்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. சொந்த ஊர் என்று சொல்லிக்கொண்டாலும் எனக்கு அது புது ஊர். பஸ்ஸில் ஏறினால் "நீ ஆற்ர மகள்?" என்று கேட்பார்கள். வாப்பாவின் பெயரைச் சொன்னால் ஞாபகப்படுத்திப் பார்ப்பார்கள், சிலருக்குத்தான் வரும். அதனால் என்னை என் வேலையை வைத்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். நினைத்தது நடந்தது. எப்படி நடந்தது என்பதுதான் கதை.

தரவுத்தள வேலையில் பார்க்க எதுவும் இருக்காது. எல்லாம் ஒழுங்காக ஓடினால் நீ சும்மா இருக்கிறாய் என்பார்கள், ஏதாவது நின்றால் உன்னால் என்பார்கள். எங்கள் தரவுத்தள இயந்திரம் இருந்த அறை கடற்பக்கம் பார்த்தது. உப்புக் காற்று இரும்பைத் தின்னும். மின்சாரம் சொல்லாமல் போய்ச் சொல்லாமல் வரும். இடையிடையே கழுதைகள் வேறு வாசல் நிழலில் வந்து படுத்துக்கொள்ளும், அவற்றைத் துரத்துவதும் சிலவேளை என் வேலையாகும். காலையில் வந்ததும் முதல் நாள் எடுத்த தரவுப் பிரதி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வெள்ளிக்கிழமைகளில் ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போனதும் கதவைப் பாதி இறக்கி விடுவார்கள். அந்த நேரத்தில், மூலையில் கிடந்த பழைய கணினியில் அந்தப் பிரதியைக் கொட்டி, அது உயிரோடு எழும்புகிறதா என்று பார்ப்பேன். பிரதி எடுப்பது பெரிய காரியமில்லை. அதிலிருந்து மீட்க முடிகிறதா என்பதைப் பார்க்காதவரை அது பிரதியே அல்ல. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஒருமுறை மின்சாரம் போய் ஒரு காலை முழுதும் வியர்த்தபோது தெரிந்துகொண்டேன். சேருக்கு இது வீண் வேலை. "கரண்டைத் தின்னுற வேலை," என்பார். "செத்தாத்தானே எழுப்ப வேணும்? உசிரோட இருக்கிறதை ஏன் பிள்ளை போட்டு எழுப்பிறாய்?"

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. நான் வேலை செய்யும்போது பின்னால் வந்து நின்று பார்ப்பார். எல்லாம் தெரிந்த மாதிரித் தலையாட்டுவார். பிறகு எனக்கிருந்த முழு அதிகாரமும் தனக்கும் வேண்டும் என்று கேட்டார். வேண்டாம் சேர், பார்க்கிற அதிகாரம் போதும் என்றேன். "என்ர லாப், என்ர மெசின், எனக்கு நீ பூட்டுப் போடப் போறியோ?" என்றார். எழுதித் தந்தால் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். சம்பளம் தருபவரிடம் அதற்குமேல் என்ன சொல்வது? கொடுத்தேன்.

தரவுத்தளத்துக்கு ஒரு கட்டளை கொடுக்கும்போது அதில் இரண்டு பாதி உண்டு. முதல் பாதி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். இரண்டாம் பாதி யாருக்குச் செய்ய வேண்டும் என்று சொல்லும். 'இரத்த வகையை பி பொசிற்றிவ் என்று மாற்று' என்பது முதல் பாதி. 'இன்ன இலக்கத்துக்குரிய ஆளுக்கு மட்டும்' என்பது இரண்டாம் பாதி. இரண்டாவதை விட்டுவிட்டால் அது ஏனென்று கேட்காது, எல்லாருக்கும் மாற்றிவிடும். மனிதர்களானால் "எல்லாருக்குமோ?" என்று ஒருமுறையாவது திருப்பிக் கேட்பார்கள். அதற்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. இந்தத் தொழிலில் உள்ள எல்லாரும் இதை நினைத்து ஒருமுறையாவது நெஞ்சைப் பிடித்திருப்பார்கள்.

அன்று மதியம் லுஹர் தொழுகைக்காக நான் பின்பக்கம் போயிருந்தேன். சேருக்குத் தெரிந்த ஒரு முதலாளி வந்திருக்கிறார். அவருடைய அட்டையில் இரத்த வகை பிழையாக விழுந்திருந்தது. பிள்ளை வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். முதலாளிக்கு முன்னால் அப்படிச் சொன்னால் கௌரவம் என்னாவது? "இது என்ன பெரிய வேலை, ஒரு நிமிசம் இருங்கோ" என்று என் கதிரையில் இருந்து தானே தட்டியிருக்கிறார். என் தோளுக்கு மேலால் பார்த்துப் பாடமாக்கிய வரியில் முதல் பாதி மட்டும்தான் அவருக்கு நினைவில் நின்றிருக்கிறது. முதலாளியின் அட்டை சரியாக வந்தது. அவர் கை கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு மன்னாரில் எங்கள் பதிவிலிருந்த சோனகர், இந்துக்கள், கத்தோலிக்கர் எல்லாருக்கும் ஒரே இரத்தமாயிற்று. கூட்டங்களில் மைக்கைப் பிடித்துச் சொல்வார்களே, அது எங்கள் இயந்திரத்துக்குள் உண்மையாகவே நடந்துவிட்டது.

கண்டுபிடித்தது உயிலங்குளத்திலிருந்து வந்த ஒரு கர்ப்பிணிப் பெண். அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வரிசைக்கு வந்தாள். "இது என்ர இல்லை. நான் நெகற்றிவ். முதல் பிள்ளைக்கே எனக்கு அதுக்கு ஊசி போட்டவை" என்றாள். பதிவு மேசையிலிருந்த பெண் அடுத்தவருடையதைப் பார்த்தாள், பி பொசிற்றிவ். அதற்கடுத்ததும் அதுவே. கூடத்தில் சலசலப்பு வந்தது. தொழ முன்னம் முகம் கைகால் கழுவி உளூச் செய்த ஈரம் காயாமல் நான் ஓடி வந்தேன். திரையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அவருடைய வரி அங்கேயே நின்றது, பாதியோடு. சேரின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் விளங்கிவிட்டது. ஒரு கணம் அந்த முகத்தில் பயம் வந்தது, அதை நான் கண்டேன். அடுத்த கணம் அவர் கூடத்தின் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "தெரியாத வேலையில கை வைக்காதே, பிள்ளை, எண்டு எத்தினை தரம் சொன்னனான்! மனிசற்ர உயிரோடயோ உனக்கு விளையாட்டு?"

வாயைத் திறந்தேன். ஆனால் அந்தப் பெண் அட்டையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் அவளுடைய இரத்தத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கதிரையில் இருந்தேன். அட்டை அச்சிடுவதை நிறுத்தினேன், பழைய கணினியைத் தட்டினேன், வெள்ளிக்கிழமைகளில் பழகிய கை தானாகவே நடந்தது. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல முன்னம் ஒவ்வொருவருக்கும் அவரவர் இரத்தம் திரும்பி வந்துவிட்டது. எழும்பி, "சேர், இதைச் செய்தது நீங்கள்" என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி. இப்போது நினைத்தாலும் அந்த மெல்லிய குரலுக்காக என்மேல்தான் எரிச்சல் வருகிறது. அவர் கூடத்தைப் பார்த்தபடியே, "நாளையில இருந்து வர வேணாம்" என்றார்.

எனக்கு வேலை போனது பெரிதில்லை, பெயர்தான் போனது. 'ரத்தம் மாத்தினவள்.' அதுதான் ஊர் எனக்குத் தந்த பெயர். பஸ்ஸில் இனி யாரும் "ஆற்ர மகள்?" என்று கேட்கவில்லை, அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மீன் வாங்கப் போன உம்மாவிடம் ஒருத்தி, "உங்கட மகள்தானே ரத்தத்தை மாத்தினது?" என்று இரக்கப்பட்டுக் கேட்டிருக்கிறாள். உம்மா மீனை வாங்காமலே வந்துவிட்டார். பேசி முடிந்த மாதிரியிருந்த ஒரு கலியாணம் சத்தமில்லாமல் பின்வாங்கியது. மாப்பிள்ளை வீட்டார் சொன்ன காரணம் வேறு, ஆனால் எங்களுக்குக் காது இருந்தது. நான் தொழுகைப் பாயில் இருந்து கையை ஏந்தியபோது உம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "பதுவாச் செய்யாத, மகள். அது நமக்கே திரும்பி வரும்." சரி, சாபம் போடவில்லை. படித்தேன்.

சிலர் ஆசையில் படிப்பார்கள், சிலர் குடும்பப் பாரத்தில் படிப்பார்கள். நான் ஆத்திரத்தில் படித்தேன். கொழும்பில் ஒரு பெரிய நிறுவனத்தில் கீழ் வேலையிலிருந்து தொடங்கினேன். செத்துப்போன கணினி வட்டிலிருந்து தரவை எப்படித் தோண்டி எடுப்பது என்று படித்தபோது, அந்த வட்டு சேருடையது என்று நினைத்துக்கொள்வேன். யாருக்கு எவ்வளவு அதிகாரம் கொடுப்பது, எதைப் பறிப்பது என்ற பாடத்தை மற்றவர்கள் கொட்டாவியோடு கேட்டார்கள். நான் கலியாண வீட்டுச் சாப்பாட்டைப் போலச் சாப்பிட்டேன். பறிப்பதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது என்று அறிந்த அன்று எனக்கு நித்திரை நன்றாக வந்தது. பிறகு வெளிநாட்டு வேலைகளை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஆனதும் எருக்கலம்பிட்டிக்குத் திரும்பினேன். ஊர் என்னை மறந்திருக்கும் என்று நினைத்தேன். பஸ்ஸில் எனக்குப் பின்னால் இருந்தவள் பக்கத்தில் இருந்தவளிடம் மெல்லச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று நான் திரும்பிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

நான் காத்திருந்தது ஒருநாள் வந்தது. உப்புக் காற்று தன் வேலையை முடித்து, ஆய்வுகூடத்து இயந்திரம் விழுந்துவிட்டது. நாள்தோறும் பிரதி எடுத்ததாகத் திரையில் பச்சை அடையாளம் விழுந்திருக்கிறது, திறந்தால் உள்ளே வெறுமை. வெள்ளிக்கிழமைகளில் எழுப்பிப் பார்க்க ஆளில்லை, அந்தப் பழைய கணினியையும் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். சேரே தொலைபேசியில் அழைத்தார். "மகள், எங்கட பிள்ளையெல்லோ நீ. வந்து ஒருக்காப் பார்த்து விடு." வாறன் என்றேன். ஒரேயொரு கேள்வி கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

கூடத்தில் ஆட்கள் இருந்தார்கள். அதே சுவர், அதே வரிசைக் கதிரைகள். அவருக்கு நரை விழுந்திருந்தது, அத்தர் வாசம் மட்டும் அப்படியே இருந்தது. "சேர், செய்து தாறன். அதுக்கு முதல் அண்டைக்கு ரத்த வகையை மாத்தினது ஆரெண்டு இந்த ஆக்களுக்கு முன்னால ஒருக்காச் சொல்லுங்கோ" என்றேன். அவர் மறுத்திருந்தால், முகம் கறுத்திருந்தால், சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குப் போதும். அவர் என் தலையில் கையை வைத்தார். "அதை இன்னும் மனசில வைச்சிருக்கிறியோ? பாவம், நீ அப்ப சின்னப் பிள்ளை. பிழை விடுறதுதானே. நான் அண்டைக்கே உன்னை மன்னிச்சிட்டன்." கூடத்திலிருந்த ஒரு வயதானவர் "மாஷா அல்லாஹ்" என்றார். சேரின் கண்ணில் பொய் இல்லை. சொல்லிச் சொல்லி அது அவருக்கு உண்மையாகவே ஆகியிருந்தது.

எதுவும் மீளாது என்று கையை விரித்துவிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த இயந்திரத்தின் வட்டை மேசையில் வைத்துக்கொண்டு அதையும் யோசித்தேன். ஆனால் உள்ளே இருந்தவை சேரின் பெயரல்ல, உயிலங்குளத்துப் பெண்ணின் பெயரும் மற்றவர்களின் பெயர்களும்தான். என் கோபம் அவர்கள்மேல் அல்ல. துண்டு துண்டாக எல்லாவற்றையும் எடுத்தேன், புது இயந்திரத்தில் ஏற்றினேன். பதிவு மேசைப் பெண்களுக்கு வேண்டிய அதிகாரத்தைக் கொடுத்தேன், பிழையான கட்டளையைக் கொடுக்க முடியாதபடி திரைகளைச் செய்தேன். சேருக்குப் பார்க்கும் அதிகாரம் மட்டும். தன்னுடைய ஆய்வுகூடத்தில் தானே ஒரு எழுத்தையும் தொட முடியாது. தொடப் போனால் சிவப்புக் கரையோடு அந்தப் பெட்டி வரும். அவர் கூடத்தில் சத்தம் போட்ட அதே வரி, எழுத்துக்கு எழுத்து.

அடுத்த நாளே போன் வந்தது. "பிள்ளை, இது என்ன வருது?"

"நீங்கள் சொன்னதுதான், சேர்."

"நான் எப்ப சொன்னனான்?"

"ஹோலில. ஆக்களுக்கு முன்னால."

அவர் போனை வைத்துவிட்டார். அதை எடுத்துவிடு என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டிவரும். பெட்டி வந்தால் பக்கத்தில் யாரும் பார்க்க முன்னம் திரையை அணைத்துவிடுவாராம், பதிவு மேசைப் பெண் சிரித்துக்கொண்டு சொன்னாள். ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டு நானும் சிரித்தேன். ஊரில் என் பெயர் மாறவில்லைதான். ஆனாலும் அந்தத் திரைக்கு முன்னால் இருக்கும்போது அவருக்கு உண்மை தெரியும் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

போன நோன்புக்கு முன்னம் சேர் மௌத்தாகிவிட்டார். ஜனாஸா வீட்டுக்குப் போனேன், ஸலாம் சொன்னேன், பெண்களோடு இருந்துவிட்டு வந்தேன். அழவில்லை. சில கிழமைகள் கழித்து அவருடைய மகன் அழைத்தான். ஆய்வுகூடத்தை இப்போது அவன்தான் பார்க்கிறான். தகப்பனின் கணினிக் கணக்காலேயே உள்ளே போய் எதையோ திருத்தப் பார்த்திருக்கிறான்.

"ராத்தா, அந்தப் பெட்டி வந்திச்சு. வாப்பா பக்கத்தில நிண்டு சொல்லுற மாதிரியே இருந்திச்சு. சின்னனில நான் மெசினைத் தொட்டா இப்பிடித்தான் சொல்லுவார். நீங்கள் வாப்பாவில வைச்ச மரியாதையிலதானே அதை எழுதி வைச்சனீங்கள்? அதை மட்டும் அழிச்சுப் போடாதேங்கோ. நான் சில நாள் வேணுமெண்டே பிழையாத் தட்டிப் பாக்கிறனான்."

போனை வைத்துவிட்டு நெடுநேரம் முற்றத்தில் நடந்தேன். இந்த மனிதர் என் வேலையை எடுத்தார், பெயரை எடுத்தார், என் பிழையை மன்னித்தும் காட்டினார். கடைசியில் என் பழிவாங்கலையும் எடுத்துத் தன் கபுறின் தலைமாட்டில் மீசான் கல்லாக நட்டுக்கொண்டார். அதற்கு எழுத்து வெட்டிக் கொடுத்தவள் நான். ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது, அவர் செத்தபோது வராத அழுகை.

பிறகு வந்து மேசையில் இருந்து அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். என் தொழில் புத்தி அப்போதுதான் வேலை செய்தது. என்ன சொல்ல வேண்டும் என்பதை எழுதியிருந்தேன். யார் யாருக்குச் சொன்னது என்பதைப் பெட்டிக்குள் எழுதவில்லை. இரண்டாம் பாதி இல்லாத வரி வருகிறவர் எல்லாருக்கும் பொருந்தும், தகப்பனுக்குச் சூடாக விழுந்தது மகனுக்குப் பாசமாகவும் விழும். மகன் கேட்டதற்கு மாறாக நான் நடக்கவில்லை. ஓர் எழுத்தையும் அழிக்கவில்லை. கீழே அடுத்த வரியைச் சேர்த்துச் சேமித்தேன். அவனுடைய கணக்கும் தகப்பனுடையதும் இப்போது ஒன்றுதான், ஆகவே அவன் அதைப் பார்த்திருப்பான். இன்றுவரை அவன் அழைக்கவில்லை, எடுத்துவிடச் சொல்லவும் இல்லை. மன்னாரில் அந்தத் திரையில் பிழையாகத் தட்டினால் சிவப்புக் கரைக்குள் இப்போது வருவது இதுதான்:

"தெரியாத வேலையில கை வைக்காதே, பிள்ளை.

இது, எல்லாருடைய இரத்தத்தையும் தன் கையால் மாற்றிய அன்று, சேர் என்னைப் பார்த்துச் சொன்னது."